கண் திறந்தவர் பெயர்

சுடலைமுத்து அண்ணாச்சி இன்று காலையில் காலமாகிவிட்டாராம். பழைய பிரஸ் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது.

வரிசையாகக் கும்பிடு போடுகிறார்கள். ஒருத்தர் "பொம்மைக்கே உயிர் கொடுத்த கை" என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு. இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

செத்த அன்றைக்கே இதைச் சொல்லணுமா என்று கேட்பவர்கள் தாராளமாக அன்ஃப்ரெண்ட் பண்ணிக்கொள்ளலாம். அவர் உயிரோடு இருக்கும்போதும் சொன்னேன்... ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அடிக்கும் பிரஸ் ஒன்றில் எனக்கு லேபிள்களை அடுக்கிக் கட்டுகிற வேலை. அண்ணாச்சி ஆர்ட்டிஸ்ட் ரூமுக்கு ஃபோர்மேன்.

எங்கள் பிரஸ்ஸில் ஆயுத பூஜை என்றால் போர்க்களம்தான். பெரிய மேஜையில் கரிசல் மண்ணைப் பரப்பி, ஒரு பக்கம் பாளையக்காரர் படை, எதிரே வெள்ளைக்காரன் படை. எல்லாம் விரல் உயர மண் பொம்மைகள். பெயர் கொடுத்தவர்களுக்கு வர்ணம் பூச ஆளுக்கு ஐம்பது வெறும் பொம்மை, ஒரு மாதம் டைம். பூஜையன்று மத்தியானம் தாயக்கட்டை உருட்டி இரண்டு படையையும் மோத விடுவோம். தெருவே வந்து வேடிக்கை பார்க்கும்.

விதி ஒன்றே ஒன்று. கண்ணைக் கடைசியில்தான் திறக்க வேண்டும், அதாவது கருவிழி வைக்க வேண்டும், பூஜையன்று காலையில். யார் கண் திறக்கிறாரோ அவர் பெயர்தான் அந்தப் படைக்கு முன்னால் வைக்கிற பலகையில்.

அந்த வருஷம் ஆர்ட்டிஸ்ட் ரூமில் ஒரு நாற்காலி காலி. படை நன்றாக அமைந்தவருக்கு அந்த நாற்காலி என்று முதலாளி சொல்லிவிட்டார்.

எனக்கு அது வேண்டும். வேறு எதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

பெயர் கொடுக்கப் போனேன். அண்ணாச்சி சிரித்தார். "ஏட்டி, பொம்பளப் பிள்ளைக்கு என்னட்டி சண்டை? போயி வாசல்ல கோலத்தப் போடு."

போட்டேன்... பெயரை. ஐம்பது பொம்மை வாங்கிக்கொண்டு வந்தேன்.

தீக்குச்சி அடுக்கும் கட்டையில் ஒவ்வொன்றாக நிறுத்திக் காய வைத்தேன். மிச்ச லேபிள் மையில் தலைப்பாகைக்குச் சிவப்பு. மீசைக்குச் சீவிய தீக்குச்சி. இரண்டு மீசை ஒரே மாதிரி இருக்காது. பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் நாற்பத்தொன்பதைக் கொண்டுபோய் பிரஸ்ஸில் வைத்தேன். ஒருத்தனுக்கு மட்டும் வாள் உடைந்திருந்தது. ஒட்டிக் காலையில் கொண்டு வரலாம் என்று அவனை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

காலையில் போனால் நாற்பத்தொன்பது பேருக்கும் கண் திறந்திருக்கிறது. பலகையில் சாக்பீஸில் சுடலைமுத்து என்று கொட்டை எழுத்து.

"என்ன அண்ணாச்சி இது?"

"கண்ணு தொறக்காம கெடந்துச்சு, தொறந்தேன். இனி அது என் படைட்டி."

விதி அவர் பக்கம். நாற்காலிக்கு அவர் கைகாட்டப் போகிற மச்சினன், சட்டையை இன் பண்ணிக்கொண்டு பக்கத்திலேயே நின்றான்.

ஆனால் பெரிய ஆர்ட்டிஸ்ட் ஒரு இடத்தில் கோட்டை விட்டிருந்தார்.

அந்தப் பொம்மைகளுக்கு முகம் நம்மைப் பார்த்திருக்கும், கால் எதிரிப் பக்கம் எட்டு வைத்திருக்கும். அதனால் கருவிழி எதிரி நிற்கிற மூலையில் இருக்க வேண்டும். அண்ணாச்சியோ காலமெல்லாம் லித்தோ கல்லில் வரைந்தவர். கல்லில் எல்லாம் இடவலம் மாறித்தான் வரையணும், அச்சில் நேராகிவிடும். அந்தக் கை பொம்மையிலும் அப்படியே போயிருக்கிறது. பொம்மையை யார் அச்சடிப்பார்கள்?

களத்தில் நிறுத்தியதும் கூட்டம் பார்த்துவிட்டது. கால் முன்னால் போகுது, நாற்பத்தொன்பது ஜோடிக் கண்ணும் பின்னால் பார்க்குது.

"ஏலே, இந்தப் படை சண்டைக்கா வந்திருக்கு? வீட்டுக்குல்லா வழி பாக்குது!"

அப்படி ஒரு சிரிப்பு. சொல்லப்போனால் நானும் சிரித்தேன். அவமானப்படட்டும் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் பலகைப் பக்கம் பார்க்காமல் விட்டேன்.

முதலாளி வந்தபோது பலகையில் சுடலைமுத்து இல்லை. ஈரத்துணியால் துடைத்த தடம் இன்னும் காயவில்லை. அதன் மேல் என் பெயர்.

"என்னம்மா, ஒரு கண்ணு ஒழுங்கா வைக்கத் தெரியல. ஒனக்கு ஆர்ட்டிஸ்ட் ரூமா?"

"நான் வைக்கல மொதலாளி. அண்ணாச்சி வச்சது."

முதலாளி அவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்து, பாவப்படுகிற மாதிரி சொன்னார். "சின்னப் பிள்ளைல்லா... இன்னும் பழகணும் மொதலாளி."

சுற்றி இருபது பேர். எல்லாருக்கும் தெரியும். இப்போது குரூப்பில் கும்பிடு போடுகிறவர்களில் மூன்று பேர் அங்கே நின்றவர்கள்தான்.

நாற்காலி மச்சினனுக்கு. எனக்குப் பழையபடி லேபிள் கட்டு. ஒரே வருஷத்தில் நின்றுவிட்டேன்.

அப்புறம் ஒரு தடவை, கழுகுமலையில் ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தேன். என்னைத் தன் மனைவியிடம் காட்டி, "நான் சொல்லுவம்லா... படைக்குக் கண்ண மாத்தி வச்ச பிள்ள, இவதான்" என்றார். அவிய நல்ல மனுஷி, என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

அவருக்கே அது உண்மையாகிப் போயிருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கீழே போட்டோவில் இருப்பவன் அந்த ஐம்பதாவது ஆள். வாள் ஒட்டிய தழும்பு தெரிகிறதா? இத்தனை வருஷமாகக் கண் இல்லாமல் பீரோவுக்குள் கிடந்தான்.

செய்தியைப் பார்த்ததும் எடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டேன்... அவன் கண்ணைத் திறந்துவிட்டேன். எதிரிப் பக்கம்தான் பார்க்கிறான். நன்றாக ஜூம் பண்ணிப் பாருங்கள்.

போங்க அண்ணாச்சி. இந்தத் தடவையாவது போற பக்கம் பாத்துப் போங்க.