பெண் குழந்தை, பெயர் இல்லை

மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் அவளுக்கு இருபத்தெட்டு வருஷ வேலை. அறுவை சிகிச்சை முடிந்து இறங்கி வரும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, எண்ணித் தட்டில் அடுக்கி, துணியில் பொதிந்து, கிருமி சாக ஆவிப் பெட்டிக்குள் தள்ள வேண்டும். ஓர் இடுக்கி குறைந்தாலும் மாடியில் யாருடைய வயிற்றையோ மறுபடி திறந்து பார்க்க நேரும் என்பதால் மூன்று தடவை எண்ணுவாள். அங்கே எல்லோருக்கும் அவள் ‘கருவியக்கா’. கருவியக்கா எண்ணிவிட்டாள் என்றால் அதற்குமேல் யாரும் எண்ணமாட்டார்கள்.

ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் என்று கடிதம் வந்தபோது அவளுக்குச் சுருக்கென்றது. காகிதத்தில்தான் ஐம்பத்தெட்டு, நிஜத்தில் ஐம்பத்தாறு. “பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப ரெண்டு வயசு கூட்டிப் போட்டுட்டாங்க” என்று அம்மா எப்போதும் சொல்லி வந்திருக்கிறாள். அந்த இரண்டு வருஷத்தைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று அலுவலகக் கண்காணிப்பாளரிடம் கேட்டாள். “பிறப்புப் பதிவு நகல் கொண்டாங்க, பாக்கலாம்” என்றார் அவர்.

பதிவு அலுவலகத்துக்கு நாலு நடை. முதல் நாள் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. இரண்டாம் நாள் எழுத்தர் விடுப்பு. மூன்றாம் நாள் பழைய பதிவேடு பைண்டிங்குக்குப் போயிருந்தது. நாலாம் நாள், கண்ணாடியைக் கயிற்றில் மாலையாகத் தொங்கவிட்டிருந்த எழுத்தர் ஒருவழியாகப் பக்கத்தைப் புரட்டினார்.

“பேரு, அப்பா பேரு, அம்மா பேரு எல்லாம் சரியா இருக்கும்மா. உங்க சர்டிபிகேட்டுல இருக்கற தேதியும் சரி.”

“அது எப்படி? அது கூட்டிப் போட்ட தேதிங்க.”

அவர் வேறொரு புத்தகத்தை எடுத்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. “இதே பேருல ஒரு இறப்புப் பதிவு இருக்கு. ஒண்ணேகால் வயசு. காய்ச்சல்னு போட்டிருக்கு.” மறுபடி பழைய புத்தகத்துக்கே வந்தார். “அதுக்கு ஒன்பது மாசம் கழிச்சு அதே அப்பா அம்மாவுக்கு இன்னொண்ணு. பெண் குழந்தை. பேர் எழுதற இடம் காலி.” கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “அப்ப நீங்க இதுல எதும்மா?”

வெகுளியாகத்தான் கேட்டார். ஆனால் அந்த ‘எது’ பேருந்தில் வழி முழுக்க அவளைக் குடைந்துகொண்டே வந்தது.

அம்மா தம்பி வீட்டில் இருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தாளா?”

அம்மாவின் கை நின்றது. “யாரு சொன்னா?”

“எழுதி வெச்சிருக்காங்க.”

மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு அம்மா சொன்னாள்: “இருந்தா. அழவே மாட்டா. நீ பொறந்தப்ப அதே நெத்தி, அதே காது. அவதான் திரும்பி வந்துட்டான்னு நெனச்சேன். அந்தப் பேரையே கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்துல சேக்கப் போறப்ப உங்கப்பா பழைய சர்டிபிகேட்டையே எடுத்துட்டுப் போயிட்டாரு. புதுசுக்கு யாரு அலையறதுன்னு.”

அவள் இடதுகைக்காரி. சின்ன வயதில் சாப்பிட உட்கார்ந்தால் புறங்கையில் அடி விழும். “நல்லா வலது கையாலதானே சாப்பிட்டுட்டிருந்தே, இப்ப என்ன வந்துச்சு உனக்கு?” என்பாள் அம்மா. எப்போது வலது கையால் சாப்பிட்டோம் என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வந்ததில்லை. எப்படி வரும்? சாப்பிட்டது முன்னால் இருந்தவள், அடி வாங்கியது இவள்.

“எனக்குன்னு ஒரு பேரு நீங்க யோசிக்கவே இல்லையா?”

“யோசிக்காம என்ன? உங்கப்பா ஏதோ ஒண்ணு சொன்னாரு. நல்லாத்தான் இருந்துச்சு. மறந்துபோச்சு.”

தம்பிக்கு முதல் பல் விழுந்த கிழமையைக்கூடச் சொல்லுவாள் அம்மா. அழுகை வரவில்லை, எரிச்சல்தான் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டாள்.

வீட்டில் கணவர் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “ஐம்பத்தாறு வயசுல பேரு வெச்சு என்ன பண்ணப்போற? நான் என்னைக்காவது உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கேனா?” என்றார்.

“அது ஒரு பெருமையா?” என்றாள். அவர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

கண்காணிப்பாளர் நகலைப் பார்த்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். “கிளறாதீங்கக்கா. செத்துப்போன குழந்தையோட சர்டிபிகேட்டுல வேலைக்குச் சேந்தீங்கன்னு ஆயிடும். நாங்க வேலை கொடுத்தது அந்தப் பொண்ணுக்கு, உங்களுக்கு இல்லைம்பாங்க.”

“இருபத்தெட்டு வருஷமா எண்ணினது அவ இல்ல சார். நான்.”

“எனக்குத் தெரியாதா? காகிதத்துக்குத் தெரியணுமே.”

இரண்டு வருஷத்தை அன்றோடு விட்டுவிட்டாள். காலியாகக் கிடந்த அந்த இடத்தைத்தான் விட முடியவில்லை. தட்டில் இடுக்கிகளை எண்ணும்போதே தனக்கு ஒரு பெயரைத் தேடுவாள், எண்ணிக்கை தவறும், முணுமுணுத்துக்கொண்டே முதலிலிருந்து தொடங்குவாள். யோசித்த பெயரெல்லாம் அடுத்தவர் சட்டை மாதிரி தோளில் நிற்காமல் நழுவியது. ஒன்று மட்டும் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். அம்மா பேனாவைத் தொடவே இல்லை. “போட்டா, அவ செத்துட்டான்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும்.”

“அவ போயி ஐம்பத்தாறு வருஷம் தாண்டியாச்சும்மா.”

“உனக்கு” என்றாள் அம்மா.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. கையெழுத்து இல்லாமலே விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனாள்.

எழுத்தர் முதல் கட்டத்திலேயே நிறுத்தினார். “விண்ணப்பதாரர் பெயரை விட்டுட்டீங்களே.”

“பேரு இல்லைன்னுதானே விண்ணப்பமே போடறேன்.”

“அது சரிம்மா. ஆனா பேரு இல்லாதவங்க விண்ணப்பம் போட முடியாது. ரூல் அப்படி.”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். தாளை வெடுக்கென்று இழுத்து, இடது கையால், இத்தனை காலம் தன்னைக் கூப்பிட்டுவந்த அந்தப் பெயரை எழுதி, பக்கத்தில் ‘என்பவரின் தங்கை’ என்று சேர்த்தாள். எழுதியபின் தானே ஒரு தரம் படித்துப் பார்த்தாள். யாருக்கோ தங்கையாக இருந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த ஒண்ணேகால் வயதுக் குழந்தைமேல் அதுவரை இருந்த ஆத்திரம் கொஞ்சம் இறங்கியது. மற்றவர்கள்மேல் இறங்கவில்லை.

எழுத்தர் இரண்டு தடவை படித்தார், பிடரியைச் சொறிந்தார், முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். “அம்மா கையெழுத்தும் இல்ல. மேலே கேட்டுத்தான் சொல்லணும்.”

காகிதம் சொன்ன தேதியிலேயே ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். பிரிவுபசார விழாவில் கொடுத்த கேடயத்தில் பெயரைப் பெரிதாகப் பொறித்திருந்தார்கள். ரெண்டு வார்த்தை பேசச் சொன்னபோது, “இது எங்க அக்கா பேரு” என்றாள். ஏதோ வேடிக்கை பேசுகிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். விளக்கத் தொடங்கினாள், அதற்குள் மாடியிலிருந்து கருவித் தட்டுகள் வந்துவிட, ஆவிப் பெட்டியைத் திறக்க ஆள் போய்விட்டது. மீதிப் பேரும் கலைந்தார்கள்.

இப்போது மாதம் இரண்டு தடவை பதிவு அலுவலகம் போகிறாள். “கோப்பு மேலே இருக்கும்மா” என்பதுதான் பதில். போன தடவை அவள் விடவில்லை.

“மேலேன்னா எங்க?”

“மாடியில, மூணாவது அறை. ஆனா பொதுமக்கள் அங்கெல்லாம் போகக் கூடாது.”

லிப்ட் ஓடவில்லை. முழங்கால் வலியைத் திட்டிக்கொண்டே, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மாடி ஏறினாள்.