ஊறிய பலகை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், கொடைக்கானல் ஏரியின் படகுக் கொட்டகையில் நான் டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தபோது அங்கே ஒரு தச்சர் இருந்தார். ஒல்லியான உடம்பு, மழைக்காலம் முழுக்கத் தலையில் ஒரு சாக்கு. எந்தக் கட்டையையும் முதலில் விரல் முட்டியால் தட்டி, காது வைத்துக் கேட்பார்.

ஒரு ஐப்பசியில், பாய்ப்படகு ஒன்று காற்றில் சாயாமலிருக்க அதன் அடியில் தண்ணீருக்குள் இறக்கும் நடுப்பலகை, ஊறிப் பருத்துத் தன் கூட்டுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. படகைக் கரையில் சாய்த்துப் போட்டு, தட்டித் தட்டி அதை வெளியே எடுத்தார்.

“ஈரத்துல சீவக் கூடாது சார். காயணும். இங்க எங்க காயுது?” என்று சொல்லிக்கொண்டே சீவினார். “வீட்டுலயும் இதே கதைதான். சம்சாரத்துக்கு நெஞ்செல்லாம் சளி கட்டிக் கெடக்கு. வெயில் பக்கம் கூட்டிட்டுப் போகச் சொல்றாரு டாக்டர்.”

“கீழே வத்தலக்குண்டுக்குப் போகலாமே?” என்றேன்.

“அங்க எனக்கு என்ன சோலி இருக்கு சார்? ஏரியையும் கூட்டிட்டா போக முடியும்?”

அந்த அம்மாள் மார்கழிப் பனியைத் தாண்டவில்லை. அவரும் அதன்பின் கொட்டகைப் பக்கம் வரவில்லை.

கோடையில் பலகை சுருங்கியது. படகு அசையும்போதெல்லாம் கூட்டுக்குள் தட்டிக்கொண்டே இருந்தது. நானும் ஒருநாள் காது வைத்துப் பார்த்தேன்.

வெறும் கட்டைச் சத்தம்தான்.