மூச்சை அடக்குங்க, அசையாதீங்க

ஸ்கேன் சென்டர் வேலை என்பது, ஏற்கெனவே பயந்துபோய் வந்திருப்பவரிடம் "அசையாதீங்க" என்று சொல்லும் வேலை. தொண்ணூறுகளில் கோவையில் நான் சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மேஜையில் ஒருமுறையாவது படுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மைக் செத்தபோது

சோமனூரில் தறி ஓட்டுபவர் ஒருவர் வயிற்றுவலியோடு வந்தார். அப்போதைய மெஷினில் ஒவ்வொரு படத்துக்கும் மூச்சை அடக்க வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில் "இழுங்க, அடக்குங்க, விடலாம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். பாதியில் மைக் செத்துப்போனது. நான் "விடலாம்" என்றது அவருக்குக் கேட்கவில்லை. பார்த்தால், முகம் சிவந்து கண் பிதுங்கக் கிடக்கிறார். உள்ளே ஓடி, "விடுங்க, விடுங்க!" என்று கத்தினேன். புஸ்ஸென்று விட்டு, இரைப்பு அடங்கியதும் சொன்னார்: "நீங்க சொல்லாம நானா எப்படீங்க உடறது?"

சூடு

கோட்டைமேட்டில் பாத்திரக் கடை வைத்திருந்த பாய் ஒருவர். ஸ்கேனுக்கு முன் போடும் மருந்து உடம்பெல்லாம் சூடாகப் பரவும். சிறுநீர் போய் அடியில் நனைந்துவிட்டதுபோலத் தோன்றும், உண்மையில் ஒன்றும் ஆகியிருக்காது. முன்கூட்டியே சொல்லியிருந்தேன். கம்பீரமாகத் தலையாட்டினார்.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கச் சொன்னால் அசையவில்லை. கைகொடுக்க வந்த மருமகனையும் தடுத்துவிட்டு, என்னைக் கிட்டே கூப்பிட்டுக் காதில் சொன்னார்: "தம்பி, மருமவன் வெளிய நிக்கட்டுங்க. நீங்க மட்டும் அந்த விரிப்ப ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

மஞ்சள் கயிறு

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஒரு தம்பதி. இருமினால் அந்த அம்மாவுக்கு ரத்தம் வந்தது. புற்றாக இருக்குமோ என்பதை இருவருமே வாய்விட்டுச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். நெஞ்சு ஸ்கேனுக்கு உலோகம் எதுவும் மேலே இருக்கக் கூடாது. தாலியைக் கழற்றச் சொன்னதும் அந்த அம்மா எழுந்துவிட்டார். "அப்படீன்னா படமே வேண்டாமுங்க."

கணவர் பவுண்டரித் தொழிலாளி. அவரே முடிச்சை அவிழ்த்து, தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டு வெளியே போய் நின்றார்.

படங்களைப் பார்த்த டாக்டர், கட்டி எதுவும் இல்லை, காசநோய் போலத் தெரிகிறது, சளியைச் சோதித்து உறுதியானால் மாத்திரையிலேயே குணமாகும் என்றார். வராந்தாவிலேயே கணவர் தாலியைக் கட்டப் போனார். அவசரத்தில் முடிச்சு விழவில்லை. கழுத்தைத் தாழ்த்தியபடியே அந்த அம்மா சொன்னார்: "மெதுவாவே போடுங்க மாமா. அன்னிக்கு ஒரு முடிச்சப் போட்டுட்டு மிச்சத்த உங்க அக்காகிட்ட உட்டுட்டீங்க. இன்னிக்கு மூணும் நீங்களே போடுங்க."

இத்தனை பேரைப் படுக்கவைத்த எனக்கே ஒருநாள் டாக்டர் ஸ்கேன் எழுதிக்கொடுத்தபோது, "மாத்திரையில சரியாகாதுங்களா?" என்றுதான் நானும் முதலில் கேட்டேன்.