யாருக்கும் சொல்லக் கூடாத ரகசிய எண்

என்னோடு வேலை பார்க்கும் அம்சவேணி டீச்சர் போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் சோமனூர் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். மாரடைப்பாம். பள்ளிக்கூட வாசலில் இறங்கினால், அவரைக் ‘காசுப் பைத்தியம்’ என்று கேலி பேசிய அதே ஆசிரியர்கள் ஃப்ளெக்ஸுக்கு வாசகம் யோசித்துக்கொண்டிருந்தார்கள். ‘கல்வித் தாய்’ என்று போடலாமாம். நல்லா இருக்கு நியாயம்! அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், தாய், தியாகம் என்ற பேச்சே அவருக்கு ஆகாது. வணிகவியல் டீச்சர். பிளஸ் ஒன் பெண்களுக்கு உதவித்தொகை வந்ததும் அவரே ஏடிஎம்முக்குக் கூட்டிக்கொண்டு போவார். பள்ளியில் அதற்கு ‘ஏடிஎம் வகுப்பு’ என்றே பெயர். “உன் காசை நீயே எடு, நீயே செலவு பண்ணு. பின் நம்பரை மட்டும் யாருக்கும் சொல்லாத கண்ணு, எனக்கும் சொல்லாத” என்பார். ஒருத்தி மொத்தப் பணத்தையும் வளையலுக்கும் பானிபூரிக்கும் தீர்த்துவிட்டு முழித்தபோது நாங்கள் சிரித்தோம். அவர் திட்டவில்லை. “அவ இப்பவே கத்துக்கிட்டா, நல்லது. கல்யாணத்துக்கப்புறம் கத்துக்கிட்டா ரொம்பச் செலவாகும் அம்மணி” என்றார் என்னிடம்.

போன வருஷம், பிளஸ் டூவில் இருந்த சுகன்யாவின் அப்பா வந்து கத்தினார். தறி ஓட்டுகிறவர். “பெத்த அப்பனுக்கே நம்பர் சொல்ல மாட்டேங்கறா! என்னத்தைங்க சொல்லிக் குடுத்தீங்க?” பணம் எதற்காம்? மகன் வாங்கிய பைக்குக்கு டியூ கட்ட. அவளோ காலேஜில் சேர்வதற்காக அதைத் தொடாமல் வைத்திருந்தாள்.

“பையனோட பைக்குக்குப் பையனே சம்பாரிச்சுக் கட்டட்டுமுங்க” என்றார் டீச்சர். குரல் உயரவே இல்லை. தலைமையாசிரியர் என்ன செய்தார் தெரியுமா? “குடும்பத்துல கலகம் பண்ணாதீங்க” என்று எல்லார் முன்னாலும் டீச்சரை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவரா கேட்பார்! ஏடிஎம் வகுப்பை நிறுத்தினார்கள். மறுநாள் சாயங்காலமே அதைப் பஸ் ஸ்டாப்பில் வைத்து நடத்தினார்.

துக்க வீட்டுக்கு சுகன்யாவின் அப்பா மாலையோடு வந்தார். கும்பிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனசு இளகி நானும் பக்கத்தில் போய் நின்றேன். மெதுவாகச் சொல்கிறார்: “ஏனுங்க டீச்சர், அந்தம்மாதான் போய்ட்டாங்களே. இனி நீங்களாச்சும் புள்ளகிட்டச் சொல்லி அந்த நம்பரை வாங்கிக் குடுங்க.”

இன்னும் பாடையில்கூட ஏற்றவில்லை! இப்படியும் ஒரு மனுஷனா?

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து சுகன்யாவின் குரல் வந்தது. அழுது வீங்கிய முகம். அடுத்த வாரம் அவள் காலேஜில் பணம் கட்ட வேண்டும்.

“சொல்ல மாட்டேனுங்கப்பா.”

அவ்வளவுதான். அந்த மனுஷன் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.

அம்சவேணி டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அந்த ஏடிஎம் வகுப்பு. நான் தமிழ் டீச்சர், எனக்கு வட்டிக் கணக்குக்கூடச் சரியாக வராது. பரவாயில்லை. திங்கட்கிழமை முதல் வகுப்பறைக்குள்ளேயே நடத்தப் போகிறேன். தலைமையாசிரியர் என்னையும் மன்னிப்புக் கேட்கச் சொல்லிப் பார்க்கட்டும்.