சடங்குக்கு மைக் செட் தராத செல்லப்பன்

திருவனந்தபுரத்தில், விடுதியில் மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது வார்டன் கூப்பிட்டார். தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் பனச்சமூட்டிலிருந்து போன். சித்தப்பா ஒரே வரியில் சொன்னார்: "மக்களே, அப்பன் போயிட்டாரு. பொறப்பட்டு வா." நான் வந்து சேர்ந்தபோது முற்றம் நிறைய ஆட்கள். மகளைத் தரையில் விடாமல் வளர்த்த மனிதர் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் உள்ளே போனேன். அவரைத் தெரிந்த ஊர்க்காரர்களான உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சர்க்கரை தடவி எழுத எனக்கு வராது.

அப்பா செல்லப்பன் மைக் செட் வாடகைக்கு விட்டவர். ஆரியங்கோடு வரைக்கும் கல்யாணம், கோயில் கொடை எதுவானாலும் அவர் செட்தான். சின்ன வயதில் சைக்கிள் பாரில் என்னையும் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். வயர் இழுத்து முடித்ததும் மைக்கை என் வாயருகே பிடிப்பார். நான் ஒன்று, இரண்டு, மூன்று சொல்ல வேண்டும். "எனக்க மவளுக்க சத்தம் தெளிவா கேட்டா செட்டு சரியாக்கும்" என்பார். அந்த நாட்களில் அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

தொண்ணூற்றிரண்டில், எட்டாம் வகுப்பில், வயதுக்கு வந்தேன். சடங்கு வைத்தார்கள். அயனி மரத்தில் நான்கு கூம்பு ஒலிபெருக்கிகளைக் கட்டி, அப்பா தானே மைக்கைப் பிடித்தார். என் பெயர், வகுப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் சொல்லி, "எனக்க மவ பெரிய மனுஷி ஆயிட்டா, எல்லாரும் வந்து சாப்பிடணும்" என்று தமிழில் ஒருமுறை, மலையாளத்தில் ஒருமுறை. எல்லைக்கு இரண்டு பக்கமும் கேட்டது. என் கணக்கு வாத்தியாரையும் நேரில் போய் அழைத்திருந்தார். அந்த ஆள் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்து, "வலிய பெண்ணாயல்லோ", பெரிய பெண்ணாகிவிட்டாயே, என்று சிரித்தார். பட்டுப்பாவாடைக்குள் கூசிச் செத்தேன்.

வகுப்பில் இருந்த மலையாளப் பிள்ளைகள் வீட்டில் இந்தச் சடங்கையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் அப்பாவின் அறிவிப்பை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார்கள், வருடம் முழுக்க. அதன்பிறகு அவர் மைக்கை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்துபோனேன். "என்ன இருந்தாலும் ஒனக்க அப்பனாக்கும்" என்பார் அம்மா. அப்பன் என்பதால்தான் அத்தனை அருவருப்பு. வேறு யாராவது செய்திருந்தால் மறந்து தொலைத்திருப்பேன்.

இனி உங்கள் விஷயம். நாலைந்து வருடமாக அவர் சடங்கு வீடுகளுக்கு செட் தரவில்லை. தலைக்கனம் என்று ஏசினீர்கள். காரணம் எனக்கே பதினாறாம் நாள்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: "எனக்க மவளுக்க சடங்குக்குக் கேட்டு வந்தேன். பேட்டரி இல்ல, ஆளில்லண்ணு ஆயிரம் சாக்கு. விடாம கேட்டதுக்கு, எனக்க பிள்ளைய நாறடிச்சது போதும், ஒனக்க பிள்ளையையும் நாறடிக்க மாட்டேன்னாரு. நான் காறித் துப்பிட்டுப் போனேன்."

நாலு ஒலிபெருக்கியில் என்னைக் கூவி விற்ற மனிதருக்கு, இதை என்னிடம் மெதுவாகச் சொல்ல வாய் வரவில்லை. அதை நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

கடைசியாக அவரைப் பார்த்தது அவர் சாவதற்கு ஒரு மாதம் முன்பு. விடுதிக்குத் திரும்பும்போது என் பையைத் தூக்கிக்கொண்டு பனச்சமூடு பஸ் நிறுத்தம்வரை வந்தார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மக்களே, ஒனக்கு எம்மேல இன்னும் கோவம் உண்டா?"

"கோவம் இல்ல. அருவருப்பாக்கும்."

கத்துவார், பெற்று வளர்த்த கதையெல்லாம் சொல்லுவார் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் பையை மறு தோளுக்கு மாற்றினார்.

"அது நியாயமாக்கும்" என்றார்.

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன், திரும்பிப் பார்க்கவில்லை.

செத்துப்போனார் என்பதற்காக அந்தச் சடங்கு நல்ல நாளாகிவிடாது. அருவருப்பு அப்படியேதான் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு பதிலை மட்டும். எனக்கு நடந்தது கேவலம் என்று ஒப்புக்கொண்ட மனிதர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அதைக் கேட்ட பிறகு அவருக்கு ஒரு கடிதம் போட எனக்கு முழுசாக ஒரு மாதம் இருந்தது. நான் போடவில்லை.