மாதுளம்பூ நூல் கட்டிய பொட்டலம்

சங்கரி அக்கா என்னிடம் பேசிய முதல் பேச்சே ஒரு எச்சரிக்கைதான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, மாசி மாதம். செவிலிமேட்டில் நண்பன் வீட்டுக்குப் போய்விட்டு டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிரில் ஒரே ஷட்டர் அகலத்துக்கு ஒரு கடை, ‘பிரெஞ்சு சாண்ட்விச்’ என்று நீலப் பலகை. பாண்டிச்சேரியிலிருந்து வந்தவாசி வழியாகக் கோயில் பார்க்க வரும் வேன் ஒன்று நின்றிருந்தது. வெள்ளைக்காரர்கள் ஆறேழு பேர் முழங்கை நீளத்துக்கு ரொட்டியை வைத்துக்கொண்டு, மடியெல்லாம் தூள் சிந்தக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அவங்க சாப்புடுறாங்களே, அதுல ஒண்ணு குடுங்கக்கா” என்றேன்.

நாற்பது வயதுக்குள்தான் இருக்கும் அவருக்கு. மேடைக்கு மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, அது பன்னிக்கறி. தெரிஞ்சுதான் கேக்குறியா?”

எனக்குத் தெரியாது. ஆனால் தென்னேரியில் எங்கள் வீட்டிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். தெரியாது என்று சொல்லும் பழக்கம் அப்போது என்னிடம் இல்லை.

“தெரியும்க்கா. ஹாம்தானே?”

“தெரிஞ்சா சரி. தெரியாதவங்களுக்கு நான் தர்றதில்ல. ஊட்டுக்குப் போய் வாந்தி எடுத்துக்கினு என் தலையில மண்ணை வாரிப் போடுவீங்க. வெறும் வெண்ணெய் வெச்சதும் இருக்குது.”

“ஹாமே குடுங்க.”

அவர் ரொட்டியைப் பிளந்தார். வெண்ணெயைத் தடவவில்லை, கெட்டியாக வெட்டி அடுக்கினார். அதன்மேல் வெற்றிலை கனத்துக்கு ரோஸ் நிறக் கறித் துண்டுகள். அப்போதுதான் நிமிர்ந்து என் கழுத்தில் தொங்கிய ஐ.டி. கார்டைப் பார்த்தார். வேலை கிடைத்த புதிது. பஸ்ஸில்கூட அதைக் கழற்ற மாட்டேன். அதில் எங்கள் பட்டுக் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும்.

“அந்தக் கடையிலயா வேலை?”

“ஆமாக்கா. டிசைன் பிரிவு. கம்ப்யூட்டர்ல புடவைக்குப் புட்டா வரையுறது.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. அவசரமாகக் காகிதத்தில் சுற்றி, பக்கத்து டப்பாவுக்குள் பார்க்காமலே கைவிட்டு, அகப்பட்ட நூலை உருட்டிக் கட்டி, என்னிடம் தள்ளினார். பன்றிக்கறி விற்பதைத் தெரிந்த இடத்து ஆள் பார்த்துவிட்டதில் கூச்சம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அதை நிறுத்தத்திலேயே நின்று தின்று முடித்தேன். உப்பும் வெண்ணெயுமாக நன்றாகத்தான் இருந்தது. கட்டியிருந்த நூல் பட்டு. மாதுளம்பூ நிறத்தில் மினுமினுத்தது. எறிய மனசு வராமல் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் உமாபதி அண்ணன் என் மேசைப் பக்கம் வந்தார். எங்கள் கடையில் நிறம் பார்ப்பவர் அவர். எந்தத் தறிக்கு எந்தச் சாயம் என்பது அவர் முடிவு. சுத்த சைவம், வெங்காயம் நறுக்கிய கத்தியில் பழம் வெட்டினால்கூடத் தொட மாட்டார்.

“ஏம்பா சரத்து, கையில என்னா? எந்தக் கோயில் கயிறு?”

“கோயில் கயிறு இல்லண்ணே. செவிலிமேட்டுல ஒரு பிரெஞ்சு கடை. பார்சல் கட்டிக் குடுத்தாங்க.” கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தார். நகத்தால் முறுக்கைப் பிரித்தார்.

“இந்த மாதுளம்பூ ஒரே தொட்டி சாயம்பா. மூணு தடவை கலந்து, கொட்டி, நாலாவது தடவை புடிச்சேன். பங்குனிக்கு அம்மன் திருக்கல்யாணப் புடவை இது. தினகரன் தறி ஒண்ணுக்குத்தான் குடுத்திருக்கேன்.” பிறகு என்னைப் பார்த்தார். “என்ன பார்சல்?”

“ரொட்டிண்ணே. ரொட்டி, வெண்ணெய்.”

“அம்மன் பட்டுல ரொட்டி கட்டுறாளா?” நூலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “தினகரன் பொண்டாட்டி ரொட்டிக் கடை வெச்சிருக்கான்னு கேள்விப்பட்டேன். சாயந்திரம் என்கூட வந்து காட்டு.”

“ரொட்டிதானேண்ணே, அதுல என்ன இருக்குது?”

“ரொட்டின்னா ஒண்ணுமில்ல. அம்மனுக்குக் காப்பு கட்டிக்கினு தறியில உக்காந்தா, புடவை இறங்குற வரைக்கும் கவுச்சி படக்கூடாது. அதுக்குத்தான் கேக்குறேன்.”

“பட்டுட்டா?”

“அறுத்து இறக்கிட வேண்டியதுதான். அப்புறம் அந்தத் தறிக்கு எந்தக் கோயில் வேலையும் வராது. எந்த ஊர்லயும்.”

கம்ப்யூட்டர் திரையில் நான் வரைந்துகொண்டிருந்த மாங்காய் அப்படியே நின்றது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நண்பனின் பைக்கை வாங்கிக்கொண்டு செவிலிமேட்டுக்கு ஓட்டினேன்.

விஷயத்தைக் கேட்டதும் சங்கரி அக்கா நூல் டப்பாவை மேடைமேல் கவிழ்த்தார். பச்சை, ஊதா, அரக்கு என்று அறுந்த இழைகள். நடுவில் மாதுளம்பூ, ஒரு பிடிக்கு. அதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நேத்து விடியக்காலையில கரண்ட் இல்ல. தறியோரம் கெடந்த துணுக்க கையால தடவி அள்ளிக்கினு வந்தேன். அம்மன் நூல எங்க ஊட்டுக்காரரு மஞ்சத் துணியில தனியா முடிஞ்சு வெப்பாரு. இது எப்படித் தவறுச்சுன்னே தெரியல.”

பிறகு அவராகவே பேசிக்கொண்டு போனார், என்னிடமா வேறு யாரிடமா என்று தெரியாமல். கல்யாணத்துக்கு முன்பு ஒன்பது வருடம் பாண்டிச்சேரியில் ஒரு வெள்ளைக்கார அம்மாவின் விடுதிச் சமையலறையில் வேலை பார்த்தது. கறியை வாயில் வைக்காமலே, வாசத்தை வைத்து உப்புச் சரி பார்க்கக் கற்றது. தறிக்குப் பாவு நூல் வராத மாதங்களில் சும்மா இருக்க முடியாமல் இந்த ஷட்டரைப் பிடித்தது. தினமும் காலை பஸ்ஸில் பாண்டிச்சேரியிலிருந்து ரொட்டியும் ஐஸ் பெட்டியில் ஹாமும் வருகிறது.

“காப்பு கட்டின நாள்லேர்ந்து சாயந்திரம் பின்னாடி குழாயில தலைக்குக் குளிச்சு, புடவை மாத்திக்கினுதான் ஊட்டுக்குப் போறேன். இந்தக் கத்தி ஷட்டரைத் தாண்டினது இல்ல. கவுச்சி அங்க போவாம காவல் காத்தேன் தம்பி. நூலு இங்க வந்துடும்னு நெனைக்கலயே.”

“இன்னைக்கு ஹாமை உள்ள வெச்சிடுங்கக்கா. வெண்ணெய் மட்டும் போடுங்க. அவரு பாத்துட்டுப் போயிடுவாரு.”

“நாலரைக்கு ஒரு வேன் வருதுப்பா. காலையிலயே சொல்லிட்டாங்க. பசியோட எறங்குற ஆளுங்கள எப்படித் திருப்பி அனுப்புறது?”

மாலையில் உமாபதி அண்ணனின் மொபெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வரும்போது, அந்த வேன் போயிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் வேண்டினேன். போகவில்லை. நான்கு பேர் நிழலில் நின்று தின்றுகொண்டிருந்தார்கள்.

“என்னாமா, கடை நல்லா ஓடுதா?”

“வாங்கண்ணே.” அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அவர் பையிலிருந்து நூலை எடுத்து மேடைமேல் வைத்தார். “உங்க ஊட்டு நூலா?”

“எங்க ஊட்டுதுதாண்ணே. இருட்டுல தெரியாம அள்ளிட்டேன். மிச்சத்தை எடுத்து முடிஞ்சு வெச்சிருக்கேன்.”

உமாபதி அண்ணன் கடையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். ரொட்டிக் கூடை, வெண்ணெய்ப் பாத்திரம், துடைத்த கத்தி. ஐஸ் பெட்டிமேல் ஒரு சாக்கு கிடந்தது.

“ரொட்டியத்தானே கட்டினே. போவட்டும். இனிமே பாத்து நடந்துக்கோ.”

எனக்கு மூச்சு வந்தது. அக்காவின் தோள்கூட இறங்கியதைப் பார்த்தேன். மொபெட்டின் சாவியைத் திருகிய உமாபதி அண்ணன், வேன்காரர்களைப் பார்த்துச் சிரித்தார்.

“கண்ண மூடிக்கினு சாப்புடுறானுங்களே! எனக்கும் அதுல ஒண்ணு குடும்மா. மத்தியானம் சரியா சாப்புடல.”

அக்கா என்னைப் பார்த்தார். வெண்ணெயைக் கொடுத்துவிடுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் ரொட்டியைப் பிளந்து, வெண்ணெயை அடுக்கி, மூடினார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. காகிதத்தில் வைத்து நீட்டினார்.

உமாபதி அண்ணன் கைநீட்டிக்கொண்டே கேட்டார். “அவங்க சாப்புடுறது இதேதானேமா?”

தலையை ஆட்டினால் போதும். பேசக்கூட வேண்டாம்.

“இல்லண்ணே” என்றார் அக்கா, அதே தாழ்ந்த குரலில். “இது வெறும் வெண்ணெய். அவங்க சாப்புடுறது பன்னிக்கறி. நீங்க தெரியாம கேட்டுட்டீங்க.”

நீட்டிய கை அப்படியே நின்றது. வேன் டிரைவர் எதற்கோ உரக்கச் சிரித்தார். உமாபதி அண்ணன் ரொட்டியைப் பார்த்தார், மேடைமேல் கிடந்த நூலைப் பார்த்தார், ஐஸ் பெட்டியைப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். எதையும் தொடவில்லை. மொபெட்டை உதைத்து, என்னை அங்கேயே விட்டுவிட்டு ஊர்ப் பக்கம் போய்விட்டார்.

திட்டியிருந்தால்கூடப் பயம் அன்றோடு முடிந்திருக்கும்.

புடவை இறங்கப் பத்தொன்பது நாள் இருந்தது. பத்தொன்பது நாளும் அவர்கள் வீட்டில் மொபெட் சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடுமாம். தினகரனிடம் அக்கா அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் தறியில் ஓடிய நாடாவை ஒரு கணம் நிறுத்தி, “அறுக்கச் சொன்னா அறுப்போம். வெளியாள் எதுக்கு, கத்திக்காரி ஊட்டுலயே இருக்கா” என்றாராம். சிரிக்கத்தான் சொன்னார்; இருவரும் சிரிக்கவில்லை. அப்புறம் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நெய்தாராம், வருபவரைப் பார்க்காமல் இருக்க.

பட்டுக் கடையில் நான் உமாபதி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ குடித்தார், சாயம் பார்த்தார், என்னிடம் புட்டா கேட்டார். அதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. புடவை வந்த நாளில் ஜன்னலோரம் கொண்டுபோய் விரித்தார். வெகுநேரம் நின்றார். பிறகு முந்தியில் மஞ்சள் தொட்டு வைத்து, கோயில் தட்டில் ஏற்றினார்.

திருக்கல்யாணத்தன்று சங்கரி அக்கா மண்டபத்தின் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். “சந்தோஷம் வரல தம்பி” என்றார் பிறகு. “எவன் திரும்பினாலும் என்னைத்தான் பாக்குறான்னு தோணுச்சு. அம்மன் மட்டும் சும்மா நின்னுக்கினு இருந்தா.”

அடுத்த பங்குனிக்கு அம்மன் புடவை ஓரிக்கைப் பக்கம் ஒரு தறிக்குப் போனது. இந்தப் பங்குனிக்கும் அங்கேதான். உமாபதி அண்ணன் காரணம் சொல்லவில்லை. அவர் மேசைக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வேறு கோயில்களிலிருந்தும் தினகரனுக்கு அழைப்பு இல்லை. அவர் கல்யாணப் புடவைகள் நெய்கிறார்.

சங்கரி அக்கா அதே ஷட்டரில்தான் இருக்கிறார். காலை பஸ்ஸில் ரொட்டி வருகிறது, ஏழு மணிக்குக் கடை திறக்கிறார். பொட்டலத்தை வாழைநாரால் கட்டுகிறார். கழுத்தில் கார்டு மாட்டிய யார் வந்தாலும் முதலில் கத்தி நிற்கிறது; பிறகு குனிந்து, தெரிந்துதான் கேட்கிறார்களா என்று கேட்கிறார்.