காதர் பாய் வீட்டுப் புல்லைத் தின்றது யார்?

சமீபத்தில் ஒருநாள் காலை, பக்கத்து வீட்டு காதர் பாய் ஒரு தீப்பெட்டியைப் பத்திரமாக ஏந்திக்கொண்டு வந்தார். தேரடி வீதியில் டிரங்குப் பெட்டிக் கடை வைத்திருப்பவர். பீடி, சிகரெட் பழக்கமில்லாதவர். அப்புறம் எதற்குத் தீப்பெட்டி?

"சார், பத்திரிகையில எழுதுறவரு நீங்க. இது என்ன பூச்சின்னு சொல்லுங்க."

உள்ளே ஒரு காய்ந்த புல் துணுக்கு. அப்படித்தான் நினைத்தேன் — துணுக்கு நடக்கும் வரை! வைக்கோல் நிறம். இறக்கையை உடம்போடு சுருட்டிக்கொண்டு, முகத்துக்கு முன்னால் மூக்கு மாதிரி எதையோ நீட்டிக்கொண்டு…

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன்? "அந்துப்பூச்சி" என்றேன் கம்பீரமாக.

"அது எனக்கே தெரியும் சார். என்ன அந்துப்பூச்சி?"

மாட்டிக்கொண்டேன்.

பாயின் கவலை பூச்சியைப் பற்றியதல்ல, மனைவியைப் பற்றியது. மும்தாஜ் அம்மாள் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. எலும்பு கூடி, கட்டுப் பிரித்து மாதக்கணக்காகிறது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் பயம். தினம் வெறுங்காலோடு புல்லில் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் இப்படியே மடங்கிப் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திருவண்ணாமலையில் புல்லுக்கு எங்கே போவது? எங்களுக்கு வாய்த்தது கல்லும் வெயிலும்தான். பாய் விடவில்லை. கீழ்பென்னாத்தூர் வரப்புகளிலிருந்து அருகம்புல்லை வேரோடு வண்டியில் கொண்டுவந்து வாசலில் பதித்தார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். அம்மாள் கால் வைத்தாரா? "நாளைக்குப் பாக்கலாம்" என்றார். தினமும் அதையே சொன்னார். அதற்குள் புல் வட்டம் வட்டமாகக் காய ஆரம்பித்தது. நடுவே நடந்தால் இந்தப் பூச்சிகள் குபீரென்று கிளம்பி, இரண்டடி தள்ளிப் போய் உட்கார்ந்தன.

உரக்கடையில் ஒரு பவுடர் கொடுத்தார்கள். அதைத் தூவினால் பூச்சி போய்விடுமாம். ஆனால் வெறுங்கால் மட்டும் வைக்கக் கூடாதாம்! பாய் அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தார்.

கடைசியில் தெருவே கூடி ஒரு யோசனை சொன்னது. புல் நடுவே பெட்ரோமாக்ஸை வைத்து, அடியில் அண்டா நிறையத் தண்ணீர் வையுங்கள். வெளிச்சத்துக்கு வருகிற பூச்சி விழுந்து சாகும்.

பூச்சி வந்தது. விழவும் விழுந்தது. மறுநாள் அதைவிட ஜாஸ்தியாக வந்தது. மலையடிவாரத்துப் பூச்சியெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்தன போலிருக்கிறது! மலை உச்சியில் ஒரே ஒரு விளக்கை ஏற்றி, நாலு ஜில்லா ஜனங்களை வரவழைக்கிற ஊர் இது. விளக்கு வைத்தால் கூட்டம் கூடும் என்று எங்களில் ஒருவருக்குமா தோன்றவில்லை?

மும்தாஜ் அம்மாளுக்குத்தான் கோபம் வந்தது. டீயில் பூச்சி, தலையில் பூச்சி. ஒரு சாயங்காலம் கைக்குட்டை அலசிய சோப்புத் தண்ணீரை, உட்கார்ந்த இடத்திலிருந்தே புல்லின் மேல் வீசினார். அடுத்த நிமிடம் ஒரே கூச்சல்.

"தம்பி, ஓடி வாங்க! மண்ணுக்குள்ளேர்ந்து புழு வருது!"

ஓடினேன். பச்சையும் பழுப்புமாகச் சின்னச் சின்னப் புழுக்கள், எரிச்சல் தாங்காமல் நெளிந்துகொண்டிருந்தன. புல்லைக் கிள்ளிப் பார்த்தால், அடியில் நூல் பின்னி, குழாய் மாதிரி வீடு கட்டியிருக்கின்றன!

இரண்டைப் பிடித்து, மண்ணும் புல்லும் போட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டார் அம்மாள். அவை புல்லை அறுத்துக் குழாய்க்குள் இழுத்துத் தின்றன. பிறகு மண்ணையும் நூலையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு படுத்துவிட்டன.

"செத்துடுச்சு, தூக்கிப் போடுங்க" என்றேன் நான்.

"இருங்க தம்பி, தூங்குது."

ஒரு காலை, பாட்டிலுக்குள் அதே வைக்கோல் துணுக்கு உட்கார்ந்திருந்தது. அதே மூக்கு!

ஆக, பூச்சிக்குப் புல்லைக் கடிக்கப் பல்லே கிடையாது. சாயங்காலத்தில் புல் மேல் பறந்தபடி முட்டையை உதிர்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. தின்றதெல்லாம் புழு. பையன் செய்த திருட்டுக்கு அப்பாவைப் பிடித்துக்கொண்டு போகிற போலீஸ் மாதிரி, நாங்கள் பெற்றோரைப் பிடித்துத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தோம். பெயர்? தெரிந்த காலேஜ் வாத்தியார் ஒருவரிடம் காட்டினேன். "புல் அந்து. இதே சாயலில் ஏகப்பட்டது இருக்கு. மைக்ராஸ்கோப் இல்லாம இன்னதுன்னு சொல்ல முடியாது" என்றார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அதற்கப்புறம் அம்மாளைப் பிடிக்க முடியவில்லை. சாயங்காலம் ஆனால் சோப்புத் தண்ணீரோடு கிளம்பிவிடுவார். ஊற்றுவார், குனிவார், பொறுக்குவார், கோழிக்குப் போடுவார். முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு. பிறகு கோலை ஊன்றிக்கொண்டு. ஒருநாள் கோல் நாற்காலியில் சாய்ந்திருந்தது. அம்மாள் புல்லின் அந்தக் கோடியில் இருந்தார். கடையிலிருந்து வந்த பாய் கேட்டைத் திறக்காமல் வெளியிலேயே நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சொன்னால் என்ன, என் கண்ணும்தான்.

இப்போது புல் பச்சைப் பசேல் என்றிருக்கிறது. ஒரு புழு கிடையாது. மும்தாஜ் அம்மாள்? மறுபடியும் நாற்காலியில்! கேட்டால், "சும்மா புல்லுல சுத்தறதுக்கு நான் என்ன மாடா?" என்கிறார்.

நேற்று பாய் என்னைத் தனியாக அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"சார், பௌர்ணமிக்கு மலை சுத்தப் போவீங்களே… அடி அண்ணாமலை பக்கம் அந்தப் பூச்சி கிடைச்சா நாலு புடிச்சிட்டு வாங்க. அவளுக்குத் தெரிய வேணாம்."